இழுத்துவிட்ட சுரங்கள்

வரவில்லை. மறுபடியும் அழுத்தினேன், வரவில்லை. கணினித் திரையில் அந்தப் பச்சைக் கோடு தன் பாட்டுக்கு ஊர்ந்துபோகிறது, வயலின்கள் பாடுகின்றன, செல்லோ பாடுகிறது, வயலினுக்கு அண்ணன் மாதிரி இருக்கிற வயோலா மட்டும் படிப்படியாக இறங்கிவந்து கடைசிப் படியில் காணாமல் போய்விடுகிறது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு எதுவும் நடக்காத மாதிரி அடுத்த வரியில் ஆரம்பிக்கிறது. சத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன். ஒயரைப் பிடுங்கிச் சொருகிப் பார்த்தேன். இதெல்லாம் சும்மா, ஒயரில் கோளாறு என்றால் மற்றது எப்படி வரும், முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவளுக்கு இதுகூடவா தெரியாது, தெரியும், ஆனாலும் கை போய் ஒயரைத்தான் பிடுங்குகிறது. காலையில் எவ்வளவு சந்தோஷமாக உட்கார்ந்தேன். ஐசக் கோயிலுக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டு, காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு இந்த டெம்ப்ளேட்டை ஒரு வழி பண்ணாமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்தேன். ஐசக் என்று மனசுக்குள்தான் சொல்வேன், வெளியே 'ஏங்க'தான். அவர் கணினியில் சுரங்களை எழுதுவார். எழுதிய சுரம் வெறும் கறுப்புப் புள்ளி. அது வயலினாகவும் குழலாகவும் கேட்க வேண்டுமானால், எங்கோ ஒரு தேசத்தில் நிஜ வாத்தியக்காரர்களை உட்காரவைத்து ஒவ்வொரு சுரமாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்த சாம்பிள்கள் வேண்டும். எந்த வரிக்கு எந்தச் சாம்பிள், எவ்வளவு சத்தம், இடது பக்கமா வலது பக்கமா என்றெல்லாம் கட்டிவைப்பதற்குப் பெயர்தான் டெம்ப்ளேட். சுரம் அவருடையது, சத்தம் என்னுடையது. எங்கள் சம்சாரத்தில் இவ்வளவு சுத்தமாகப் பாகம் பிரித்த வேலை வேறு கிடையாது.

பழைய டெம்ப்ளேட் ஒரே ஃபைல். திறக்கச் சொல்லிவிட்டுப் போய்க் காய் நறுக்கி முடித்து வந்தாலும் முழித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் மகள் பெங்களூரிலிருந்து புதுக் கணினியும் நல்லதாக ஒரு சாம்பிள் தொகுப்பும் அனுப்பியதும், எல்லாவற்றையும் பிரித்துத் தனித்தனியாக அடுக்கிவிடலாம் என்று நினைத்தேன். தந்தி வாத்தியம் ஒரு தொகுதி, குழல் ஒரு தொகுதி, பித்தளை ஒரு தொகுதி, மேளம் ஒரு தொகுதி. வேண்டியதை மட்டும் எடுத்துச் சொருகிக்கொள்ளலாம், ஒன்றைத் திருத்தினால் மற்றது கலையாது. தந்தித் தொகுதியையும் குழல் தொகுதியையும் முடித்த கையோடு, எங்கள் கோயிலைப் பிரதிஷ்டை செய்த நாள் பண்டிகைக்கு ஐசக் எழுதிய கீதத்தைத் திறந்து, எப்படிக் கேட்கிறது பார்ப்போம் என்று ஓடவிட்டேன். அங்கேதான் இது. புதுத் தொகுப்பில் ஒரு நல்ல காரியம், திரையின் அடியில் பியானோக் கட்டைகள் மாதிரி படம் போட்டு, ஒலிக்கிற கட்டைக்கெல்லாம் நீலம் பூசியிருப்பார்கள். வயோலாவுக்கு நீலம் ஓரிடத்தில் முடிகிறது. அதற்குக் கீழே வெறும் வெள்ளை. ஐசக் எழுதிய சுரம் வெள்ளையில் இருக்கிறது. சரி, இதிலும் ஓட்டை என்றுதான் முதலில் நினைத்தேன். எரிச்சல்கூட வந்தது, பிள்ளை இவ்வளவு செலவழித்து வாங்கியதிலும் ஓட்டையா என்று. பிறகு காபியை எடுத்தேன், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. ஏனென்றால் பழைய தொகுப்பிலும் இதே சுரம்தான் இல்லை. இதே இடம்தான். பழையது எவனோ இலவசமாகக் கொடுத்தது, இதைச் செய்தவன் வேறு தேசம், வேறு ஆட்கள், வேறு மண்டபம். இரண்டு பேரும் அதே சுரத்தை எப்படி மறப்பார்கள்?

பழையதில் நான் என்ன செய்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். போன வருஷம் கிறிஸ்மஸ் பாட்டுக்கு, நவம்பரில் என்று நினைக்கிறேன், வயோலாவில் ஒரு சுரம் வராமல் போயிற்று. இலவசச் சாம்பிள், ஓட்டை இருக்கத்தான் செய்யும் என்று நினைத்து, கடைசியாக ஒலிக்கிற கட்டையின் ஓரத்தைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டேன். அவ்வளவுதான் வேலை, மவுஸால் ஓரத்தைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுத்தால் அதே பதிவைக் கொஞ்சம் மந்தமாக்கி, இல்லாத கட்டைக்கும் மென்பொருள் சத்தம் கொடுத்துவிடும். கேட்க என்னவோ ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கும், ஆனால் இருக்கும். எனக்கு ஒரே பெருமை. அன்றைக்குச் சாயங்காலம் ஐசக் வந்து கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். அப்புறம் ஜனவரியில் ஃப்ளூட்டில் ஒன்று. இழுத்தேன். ஓபோக் குழலில் ஒன்று, இழுத்தேன். மேலே போகிற சுரம் வராவிட்டால் மேலே இழுத்தேன். தவக்காலத்தில், லெந்து நாட்களில், வயோலாவுக்கு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். இந்தச் சாம்பிள் செய்தவன் சோம்பேறி, பாதியிலேயே எழுந்து சாப்பிடப் போயிருப்பான் என்று ஐசக்கிடம்கூடச் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்தாரா? யோசிக்க யோசிக்க அவர் முகம் அப்போது எப்படியிருந்தது என்பது வரமாட்டேன் என்கிறது, அவர் கையிலிருந்த டம்ளர் வருகிறது, சட்டைப் பித்தான் வருகிறது, முகம் வரவில்லை. இழுத்துக்கொண்டே போயிருக்கிறேன். ஒரு தடவையாவது, ஏன் இந்த மனுஷன் எழுதுகிற சுரமெல்லாம் ஓட்டையிலேயே போய் விழுகிறது என்று யோசித்தேனா? யோசிக்கவில்லை. எனக்கு ஓட்டையை அடைக்கத் தெரியும், அடைத்தேன்.

ஓட்டை இல்லை, அந்தச் சுரமே வாத்தியத்தில் இல்லை என்றால், இந்த மென்பொருளுக்கு அதைச் சொல்லத் தெரியும் என்பதுதான் இன்னும் மோசம். வாத்தியத்தால் முடியாத சுரத்தை எழுதினால் அது சிவப்பாகக் காட்டும். அந்தச் சிவப்பை அணைத்தது நான்தான். எங்கள் பாடகர் குழுவின் ஷீலா எதுவரைக்கும் மேலே போவாள் என்பது மென்பொருளுக்குத் தெரியாது, அவள் வரி முழுக்கச் சிவப்பாக்கி வைக்கும், கண் வலிக்கிறது என்று என்றோ ஒருநாள் அணைத்துப்போட்டேன். இப்போது போய் அதை முடுக்கினால் தெரிந்துவிடும். முடுக்கக் கை வரவில்லை. எனக்குத் தெரியாது என்பது நிஜம்தான், வயோலா எதுவரை இறங்கும் என்று எனக்கு எதற்குத் தெரிய வேண்டும், நான் பாடகர் குழுவில் ஆல்ட்டோ, பெண்களின் கீழ்க்குரல், பாடுகிறவள், எனக்கு என் வரி போதும். ஆனால் ஐசக்குக்குத் தெரியும். ஐசக்குக்கு வேறு எது தெரியாமல் போனாலும் இது தெரியும். இருபத்திரண்டு வயதில் மெட்ராசுக்குப் போய் ஸ்டூடியோ ஸ்டூடியோவாக வயோலா வாசித்தவர். கல்யாணம் பேச வந்தபோது எங்கள் அப்பா, மாப்பிள்ளை வயலின் வாசிப்பாராமே என்று கேட்டதற்கு, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, வயலின் இல்லை மாமா, வயோலா என்று திருத்தியவர். பாளையங்கோட்டைக்குத் திரும்பி வந்து பள்ளிக்கூடத்தில் மியூசிக் மாஸ்டராகச் சேர்ந்த பிறகும், தினமும் காலையில் பல் தேய்க்கிறாரோ இல்லையோ அதை எடுத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அந்தக் கைக்குத் தெரியாதா? போன பங்குனியில் ஸ்கூட்டரைக் கோயிலிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். கேட்டதற்கு, நடந்தா நல்லதுன்னு டாக்டர் சொன்னாருல்லா என்றார். நானும் நல்லதுதானே என்று மறுநாள் போய் ஸ்கூட்டரை எடுத்து வந்தேன். டெனர் பாடுகிற பையனை அவன் அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்பனும் பிள்ளையும் ஒரே அச்சு, யாருக்கும்தான் வாய் தவறும். காலையில் வயோலா எடுக்கிறது எப்போது நின்றது? தோள் வலி என்றார். தைலம் தேய்த்துவிட்டேன். வலிக்காத தோளுக்கா தேய்த்துவிட்டேன்?

எழுந்து அலமாரியைத் திறந்தேன். பெட்டி துணிகளுக்கு அடியில் இருந்தது. அவர் வைத்தாரா, நான் துணியை அடுக்கினேனா தெரியவில்லை. பெட்டியைத் திறந்து, குழந்தையைத் தூக்குகிற மாதிரி அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். வில்லைத் தொடப் பயமாக இருந்தது, விரலால் கடைசிக் கம்பியை, தடித்த கம்பியை, மெல்ல இழுத்துவிட்டேன். சத்தம் வந்தது. கணினியோடு சேர்ந்த பியானோக் கட்டையில் தேடினேன். அட, அதேதான். ஐசக் எழுதிய அதே சுரம். வெள்ளையில் கிடந்த சுரம். இருக்கிறது! எனக்கு வந்த சிரிப்பை எப்படிச் சொல்ல, தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். அந்த இரண்டு தேசத்துக்காரர்களும் மடையர்கள், என் புருஷன் சரி, பாரு, கம்பியே சொல்கிறது. இன்னொரு தரம் இழுத்தேன். கம்பி என் விரலுக்கு அடியில் தொளதொளவென்று ஆடியது. அடுத்த கம்பியைத் தொட்டேன், அதுவும் ஆடியது. சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. எத்தனை மாசமாகவோ யாரும் முறுக்காத கம்பி. இப்போது பார்த்து ஜெபசிங் கூப்பிடுகிறான். ஐசக்கிடம் வயோலா படித்த பையன், பையன் என்ன, அவனுக்கே நாற்பது இருக்கும், சென்னையில் வாசிக்கிறான். இந்தப் பண்டிகைக்கு முதல் தடவையாக நிஜ வாத்தியக்காரர்களை வரவழைக்கிறோம், இத்தனை வருஷமும் என்னுடைய ஸ்பீக்கரோடு சேர்ந்து பாடிய குழு இந்த வருஷம் மனிதர்களோடு பாடப்போகிறது, ஆட்களைச் சேர்த்துக் கூட்டிவருவது இவன்தான்.

"டீச்சர், பார்ட்ஸ் எல்லாம் இன்னைக்கு அனுப்பிருவீங்கல்ல? பசங்க ஒரு தடவ பாத்துட்டா வசதியா இருக்கும்."

"சாயங்காலம் அனுப்புதேன் தம்பி. ஒண்ணு கேக்கணும். வயோலால கடைசிக் கம்பி என்ன நோட்டு?"

"ஸி டீச்சர்."

"அதுக்குக் கீழ?"

"கீழ எங்க டீச்சர் போறது? அவ்வளவுதான். மாஸ்டர் டேபிளத் தட்டித் தட்டிச் சொல்வாங்களே, 'லேய், அது தரை, தரைக்குக் கீழ கால் வைக்காத'ன்னு."

"கம்பிய இழுத்தா இன்னும் கீழ வருதே."

"லூஸா விட்டா எது வேணாலும் வரும் டீச்சர்." சிரித்தான். "ஏன், மாஸ்டர் பக்கத்துல இல்லையா? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்களே."

இல்லை, கோயிலுக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேன். சாம்பிள் அடுக்கிக்கொண்டிருக்கிறேன், அதற்குத்தான் கேட்டேன் என்று சொன்னேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன், அவன் மனைவியை விசாரித்தேன், என் குரல் என்னமோ நன்றாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகுதான் வயோலா இன்னும் என் மடியில் இருப்பது தெரிந்தது. அதைக் கீழே வைக்க வேண்டும், எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தரை. அவரே சொன்னது. தரைக்குக் கீழே கால் வைக்காதே என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கத்திக் கத்திச் சொன்னவர், தான் எழுதுகிறபோது தரைக்குக் கீழே நாலு படி இறங்கிப்போகிறார், போகிறோம் என்று தெரியாமலே போகிறார். தெரியாமலேதான். வேண்டுமென்று செய்திருந்தால் சொல்லியிருப்பார், இவர் எழுதிய ஒரு கமாவைக்கூட விளக்காமல் விடமாட்டாரே. ஆண்டவரே, இது என்ன. ஒருவேளை அசதியோ? வயதானால் எல்லோருக்கும்தான். நேற்று நான்கூட ஃபிரிட்ஜைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தேன் என்று நின்றேன். ஆனால் ஃபிரிட்ஜும் இதுவும் ஒன்றா. எனக்கு என் பெயர் மறந்துபோனால் அது அசதி ஆகுமா. அவர் முன்பு எழுதிய பாட்டுகளின் ஸ்கோர்களைத் திறந்தேன். திறக்காதே, ஹெப்சி, திறந்து என்ன ஆகப்போகிறது என்று சொல்லிக்கொண்டே திறந்தேன். போன வருஷ ஈஸ்டர் பாட்டைப் புதுத் தொகுதியில் ஓடவிட்டேன். எல்லாம் ஒலித்தது, கண்ணாடி துடைத்த மாதிரி. அறுப்பின் பண்டிகைக்கு எழுதியது, ஒலித்தது. கிறிஸ்மஸுக்கு எழுதியதில் ஓர் இடம் விழுந்தது. லெந்து நாட்களுக்கு எழுதியதில் இங்கொன்றும் அங்கொன்றும். கடைசியாக இந்தக் கீதம். இரவைப் பற்றிய இரண்டாம் பகுதியில் வயோலா விழுகிறது, ஃப்ளூட் விழுகிறது, வயோலா மறுபடி விழுகிறது, ஓபோ, வயோலா, வயோலா. பூச்சி அரித்த சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு ஓட்டையும் நான் தொட்ட இடம். அந்த ஒவ்வொரு நாளும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, இழுத்துவிட்டு எழுந்து சோறு வடிக்கப் போனது ஞாபகம் இருக்கிறது. இத்தனை மாசமாக அவர் என் கண் முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறார், நான் ஒவ்வொரு தடவையும் சாம்பிள்காரனைத் திட்டிவிட்டு ஓரத்தைப் பிடித்து இழுத்திருக்கிறேன்.

சரி, இப்போது என்ன செய்வது. யோசி. அழுவதற்கு அப்புறம் நேரம் இருக்கிறது. இப்படியே பார்ட்ஸை, வாத்தியத்துக்கு ஒன்றாகப் பிரித்த சுரத்தாள்களை, அனுப்பினால், ஒத்திகை அன்றைக்கு அத்தனை பாடகர்களும் நிற்க, ஆயர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, ஜெபசிங் வில்லை இறக்கிவிட்டு, 'மாஸ்டர், இந்த நோட்டு வயோலால இல்லையே' என்பான். மெதுவாகத்தான் சொல்வான், நல்ல பிள்ளை. ஐசக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு காகிதத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வையை நான் ஆல்ட்டோ வரிசையிலிருந்து பார்க்க வேண்டும். முடியாது. அதைவிட நானே திருத்திவிடலாமே. விழுகிற சுரத்தையெல்லாம் ஒரு ஸ்தாயி மேலே தூக்கிப்போட்டால் ஒலிக்கும், அவ்வளவுதானே, ஒரு மணி நேர வேலை. சாயங்காலம் அவர் கேட்பதற்கு மட்டும் பழைய இழுத்த வயோலாவைப் புதுத் தொகுதியில் கொண்டுவந்து சொருகிவிட்டால் அவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. தொகுதி தொகுதியாகப் பிரித்ததன் வசதியே அதுதான், ஒன்றை உருவி ஒன்றைச் சொருகலாம். பழைய ஃபோல்டரைத் திறந்து அதைத் தேடியும் எடுத்துவிட்டேன். 'வயோலா சரிசெய்தது' என்று நானே பேர் போட்டு வைத்திருக்கிறேன். என்னத்தைச் சரிசெய்தேன். எத்தனை நாளைக்குச் சொருகுவாய்? நாளைக்கு ஸ்கூட்டரையே மறந்தால், வீட்டு வழியை மறந்தால், எந்த ஓரத்தைப் பிடித்து எங்கே இழுப்பாய்? டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். என்ன சொல்லிக் கூப்பிடுவது? ஏங்க, நீங்க வயோலாவ மறந்துட்டிய, வாங்க டாக்டர் கிட்ட போவோம் என்றா? அவர் மேல் கோபமாக வந்தது, நிஜமாகவே கோபம், எதற்கு இப்படிச் செய்கிறார் என்று, பிறகு இது கோபப்படுகிற விஷயமா என்று என் மேல் கோபம். மகளுக்குப் போன் போடலாமா என்று எடுத்தேன், வைத்தேன். அவள் முதலில் அழுவாள், அப்புறம் கட்டளை போடுவாள். கையில் மவுஸ் இருந்தது, திரையில் பழைய வயோலா நீலமாகி நின்றது, இன்னும் ஒரு சொடுக்கு, அது உள்ளே போய்விடும். கேட் திறக்கிற சத்தம் கேட்டது. ஸ்கூட்டர் சத்தம் கேட்கவில்லையே என்று நினைத்தேன். இன்றைக்குத் தோன்றுகிறது எனக்கு. எத்தனை நாள் இதே கேட், இதே நேரம், தோன்றவில்லை.

"வெயிலு மண்டையப் பொளக்கு," என்று சொல்லிக்கொண்டே வந்தார். சட்டை நனைந்திருந்தது. "புதுசு எல்லாம் அடுக்கியாச்சா?"

"அடுக்கிக்கிட்டு இருக்கேன். தண்ணி குடிக்கியளா?"

"அப்புறம் குடிக்கேன். போடு, ஒரு தடவ கேப்போம். ரெண்டாம் பாகம் போடு."

கட்டிலில் வயோலா கிடந்தது. அவசரத்தில் அங்கேதான் வைத்திருக்கிறேன். அவர் அதைப் பார்த்தார். ஏன் எடுத்தாய் என்று கேட்கவில்லை. என் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். இப்போதுகூடச் சொருகிவிடலாம், அவர் கண்ணை மூடியிருக்கிறார், ஒரு சொடுக்கு. யோசித்து முடிவெடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். சொருகவில்லை, அவ்வளவுதான். ஓடவிட்டேன். வயலின்கள் பாடின, செல்லோ பாடியது, வயோலா படிப்படியாக இறங்கிவந்தது, விழுந்தது. அவர் கண்ணைத் திறந்தார்.

"நிறுத்து."

நிறுத்தினேன்.

"அந்த நோட்டு எங்க?"

"இதுல இல்லங்க."

"பழசுல வந்துச்சே."

"வரல. நான்தான் இழுத்துவிட்டேன். ஓட்டைன்னு நெனச்சு இழுத்துவிட்டேன். எல்லாத்தையும்." அழுதுகொண்டிருந்தேன் போலிருக்கிறது. "பழசுல வராத எல்லாத்தையும் நான்தான் வர வச்சேன்."

அவர் திரையைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

"எல்லாத்தையுமா?" என்றார்.

"ஆமா."

"எனக்குச் சந்தேகம் இருந்துச்சு ஹெப்சி. கிறிஸ்மஸுக்கு முந்தியே. ஒருநாள் உக்காந்து எழுதுதேன், வயோலா எதுவரைக்கும் எறங்கும்னு கேட்டா எனக்குத் தெரியல. எனக்கு. யாருகிட்ட போயி கேக்க? அந்தப் பெட்டியத் தொறக்கவே பயமாயிட்டு, தொறந்து அதுவும் தெரியலன்னா?" வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, எழுதிப் போட்டுப் பாப்போம்னு நெனச்சேன். இல்லாத நோட்டுன்னா சத்தம் வராதுல்லா. மெஷினு பொய் சொல்லாது. அப்ப தெரிஞ்சிரும், போயி டாக்டரப் பாப்போம்னுதான் நெனச்சேன். ஒவ்வொண்ணா எழுதிக் கேப்பேன். எல்லாம் வந்துச்சு. வந்துச்சுன்னா எனக்கு ஒண்ணுமில்லன்னு நிம்மதியாப் போயி படுத்துருவேன்."

எனக்கு அப்போது எப்படி இருந்தது என்பதை எழுத எனக்குத் தெரியவில்லை. அவர் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார், நான் ஒவ்வொரு நாளும் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், உங்களுக்கு ஒன்றுமில்லை, உங்களுக்கு ஒன்றுமில்லை என்று. அவர் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது, அவ்வளவு வெயிலில் வந்த கை.

"இனிமே இழுக்காத," என்றார்.

"இழுக்கமாட்டேன்."

"முதல்ல இருந்து போடு. எங்கெங்க வரலன்னு நானே கேக்கணும். வராத எடத்துல வெரலத் தூக்குதேன், நீ நிறுத்து."

முதலிலிருந்து போட்டேன். அவர் கண்ணை மூடாமல், முன்னால் குனிந்து, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். வயோலா இறங்கி வந்து விழுந்தது. உடனே விரல் எழுந்தது. நிறுத்தினேன். "ஆங்," என்றார், கிட்டத்தட்டச் சந்தோஷமாக. மறுபடி ஓடவிட்டேன். ஃப்ளூட் தொடங்கி, ஒரு வளைவு வளைந்து, அடுத்த சுரத்தில் விழுந்தது. நான் மவுஸின் மேல் கையை வைத்துக்கொண்டு அவர் விரலைப் பார்த்தேன். தொடையின் மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நான் காத்திருந்தேன். அது தாளம்தான் போட்டுக்கொண்டிருந்தது. முகம் நிறைய, எல்லாம் கேட்கிறது என்கிற நிம்மதி. கோடு அந்த இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

நிறுத்தினேன். அவர் ஏன் என்பது போல என்னைப் பார்த்தார்.

"இங்க ஒண்ணு வரலங்க," என்றேன்.